மாஜல் தண்ணீரும் கடைசி நத்தையும்

வஸீலா ஸ்ஃபாக்ஸ் நகரத் தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோரு வருடம் இணைப்புக் கொடுத்தவள். யார், எங்கிருந்து, எதற்கு என்று மூன்று கேள்வி கேட்காமல் ஒருவரையும் பேசவிட மாட்டாள். மூன்றாவது கேள்வி நிலையத்தின் விதியில் கிடையாது, அவளாகச் சேர்த்துக்கொண்டது. ஓய்வு பெற்றபின் கேள்வி கேட்க ஆளில்லாமல் தவித்துப்போனவளுக்கு ஒரு கண்ணாடித் தொட்டியும் நாலு மஞ்சள் நீர்நத்தைகளும் வாய்த்தன. நத்தைகள் பதில் சொல்லாவிட்டாலும் பாதிப் பேச்சில் தொடர்பைத் துண்டிக்காது அல்லவா?

ஆறு வருடத்தில் அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, தலைமுறை தலைமுறையாகப் பெருகின. பிறகு போன குளிர்காலத்திலிருந்து ஏதோ நேர்ந்தது. மழுமழுவென்றிருந்த ஓடுகள் வெளுத்தன, அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்தன, ஒவ்வொன்றாக நத்தைகள் செத்தன. ஒன்பதில் மிஞ்சியது ஸஃப்ரா ஒன்றுதான். அதன் முதுகிலும் கண்ணாடி போல மெலிந்த ஓர் இடம் தெரிந்தது. அங்கே ஓட்டை விழுந்தால் கதை முடிந்தது.

வஸீலா தேடாத வைத்தியம் இல்லை. கணவன் ஹெதி ஒருநாள், "பால்ல சுண்ணாம்புச் சத்து இருக்காமே, ஒரு கரண்டி ஊத்திப் பாரேன்" என்றான். ஊற்றினாள். தொட்டி இரண்டு நாள் நாறியது. அதற்கப்புறம் நத்தை விஷயத்தில் ஹெதி வாயே திறக்கவில்லை. இன்று காலைதான் தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி மெல்ல ஆரம்பித்தான்.

"ஷாத்லியா வீட்டுக்குப் போயிருந்தேன். நீ கொடுத்த நத்தைங்க மூணும் எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கு."

"அவ பேச்சு இங்க வேண்டாம்."

"குழாய்த் தண்ணியிலதான் வளக்குறா. நீயும் ஒரு தடவை..."

"என் வீட்டுல உப்புத் தண்ணியா? மாஜலை வச்சுக்கிட்டு? ஏங்க, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா?"

ஷாத்லியா ஹெதியின் தங்கை, வஸீலாவுக்கு நாத்தனார். போன ஈத் பெருநாளன்று வந்தவளுக்கு வஸீலா மாஜல் தண்ணீர் ஒரு தம்ளர் கொடுத்தாள். மொட்டை மாடியைக் கூட்டிக் கழுவி, முதல் மழையை வெளியே தள்ளி, அடுத்த மழையை முற்றத்துக்கு அடியில் உள்ள மாஜல் என்னும் பெரிய தொட்டியில் பிடித்த தண்ணீர் அது. ஷாத்லியா ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன அண்ணி, இந்த வருஷம் தண்ணி சப்புனு இருக்கு?" என்றாள். ஸ்ஃபாக்ஸில் ஒருத்தியின் மகளைக் குறை சொல்லலாம், சமையலைக் கூடச் சொல்லலாம். மாஜலைச் சொன்னால் உறவு நிற்குமா? எட்டு மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

ஆனால் ஹெதி சொன்னது வஸீலாவை உறுத்தியது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அங்கே உப்பில் கிடப்பவை கொழிக்கின்றன, இங்கே மாஜல் தண்ணீரின் ராஜ உபசாரத்தில் கிடப்பவை கரைகின்றன. எதற்கு?

யோசித்துக்கொண்டே கெட்டிலைக் கழுவியவள் சட்டென்று நின்றாள். கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவே இல்லை. முன்பெல்லாம் மாதம் ஒருமுறை வினிகர் ஊற்றித்தான் அதைப் போக்குவாள். வினிகர் புட்டியோ அலமாரியில் தூசி படிந்து அப்படியே நிற்கிறது. வேலை மிச்சம் என்று ஒரு வருடமாக மகிழ்ந்தாளே தவிர, படிவு எங்கே போனது என்று அவள் கேட்கவே இல்லை.

செத்த நத்தையின் ஓடு ஒன்றைத் தட்டில் வைத்து வினிகர் விட்டாள். கெட்டில் படிவு நுரைப்பது போலவே சுர்ரென்று நுரைத்தது. முற்றத்து மூலையில், மாஜல் சுவரிலிருந்து கொத்தனார் சுரண்டிப் போட்ட பழைய சுண்ணாம்புக் கட்டி கிடந்தது. அதன்மேல் விட்டாள், அதுவும் நுரைத்தது. பிறகு மாஜலின் மூடியைத் திறந்து, கைக்கு எட்டிய சுவரில் நீலப் பெயின்ட்டைக் கத்தியால் பெயர்த்து வினிகரில் போட்டாள். அது சும்மா மிதந்தது.

வஸீலா மாஜல் மூடி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வருடா வருடம் சுண்ணாம்புக்காரனோடு மல்லுக்கட்ட முடியாது என்று, ஹெதி வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல், போன கோடைக்கு முந்தைய கோடையில் அந்தப் பெயின்ட்டை அடிக்கச் சொன்னவள் அவளேதான். மழைத் தண்ணீரில் சுண்ணாம்பே இல்லை. ருசி, கெட்டில் படிவு, நத்தையின் ஓடு எல்லாம் சுவர்ச் சுண்ணாம்பிலிருந்து வந்தவை. எட்டு உயிரைத் தன் கையாலேயே பட்டினி போட்டிருக்கிறாள். அவளுக்கு அழுகை வந்தது.

சமையலறை ஜன்னலில் தொங்கிய கூண்டில் ஹெதியின் குருவி டொக் டொக் என்று எதையோ கொத்தியது. கம்பியில் செருகியிருந்த, கணவாய் மீனின் வெள்ளை ஓடு. வீட்டுக்கு வீடு குருவிக் கூண்டில் இருப்பதுதான். குருவி அதை எதற்குக் கொத்துகிறது என்று, ஊரையே கேள்வி கேட்டவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஓட்டைப் பிடுங்கி வினிகர் சொட்டினாள். அதுவும் நுரைத்தது.

"ஏங்க! உங்க குருவி சாப்பாட்டுல பாதி எனக்கு!"

"எடுத்துக்கோ. என் தட்டுல கை வைக்காத வரைக்கும் சரி" என்றான் ஹெதி.

கணவாய் ஓடு தொட்டியில் படகு மாதிரி மிதந்தது. ஸஃப்ராவோ அடியில் கிடந்தது. தையல் நூலால் கூழாங்கல்லோடு கட்டி அமிழ்த்தினாள். அதோடு விடவில்லை. நாத்தனாரின் நத்தைகளைக் கொழிக்கவைத்த சுண்ணாம்பு குழாய்த் தண்ணீரில்தானே இருக்க வேண்டும்? தெருக்கதவைத் தாழிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு வாளி குழாய்த் தண்ணீர் பிடித்துவைத்தாள். குளோரின் வாடை போக மறுநாள் வரை காத்திருந்து, திருடியைப் போலக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றினாள்.

நாலாம் நாள் ஸஃப்ரா கணவாய் ஓட்டின்மேல் ஏறிச் சுரண்டியது. நாலு வாரத்தில் அதன் சொந்த ஓட்டின் விளிம்பில் நகக்கண் அகலத்துக்குப் புது மஞ்சள் வளர்ந்திருந்தது. விரலால் தடவினாள். மழுமழுவென்றிருந்தது.

அன்றே ஸஃப்ராவை ஜாடியில் போட்டு எடுத்துக்கொண்டு ஷாத்லியாவின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ஷாத்லியா கதவைப் பாதிதான் திறந்தாள். "வழி தவறி வந்துட்டீங்களா அண்ணி?"

"நீ சொன்னது சரிதான். என் தண்ணி சப்புனுதான் இருந்துச்சு. சுண்ணாம்பு இல்ல அதுல."

"ஓஹோ. நான் சொன்னா நம்பமாட்டீங்க, நத்தை செத்துச் சொல்லணுமா?"

"எட்டு செத்துச்சு, ஷாத்லியா."

ஷாத்லியா கதவை முழுக்கத் திறந்து, ஜாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இந்தக் குழியெல்லாம் மறையாதா?"

"மறையாது. இனிமே வளர்றது ஒழுங்கா வளரும்."

"உக்காருங்க" என்று உள்ளே போன ஷாத்லியா, குழாயைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்துவந்து நீட்டினாள். அவள் கண்ணில் பழைய குறும்பு இருந்தது. தண்ணீர் உப்புக் கரித்தது. வஸீலா முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.