கீழ்வீட்டுக்குக் கேட்காத பியானோ

வீரணன் மகள் சரண்யாதேவியைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். யார்மேல் என்று சொல்லத் தெரியாது. வீரணனும் நானும் ஒரே ஆபீஸ், அடுத்தடுத்த மேஜை. அவன் பேசினால் பாதி நம் காதில் விழாது.

அவனுக்குச் சொந்த ஊர் வாடிப்பட்டிப் பக்கம். மதுரையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது நானும் கூடப் போனேன். எந்த ஊர் என்பார்கள், சொல்வான். ஊரில் எந்தத் தெரு என்பார்கள், அதையும் சொல்லித் தொலைப்பான். "வீட்டுல கலந்துட்டுச் சொல்றேன் தம்பி" என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். அட, தெருப் பேரைக் கேட்டா வாடகைக்கு விடுவார்கள்? கடைசியில் விளாங்குடியில் ஒரு மாடி அமைந்தது. கீழே இருந்த வீட்டுக்காரர் எதையும் கேட்கவில்லை. அவருக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று இவர்கள் சத்தமே இல்லாமல் வாழப் பழகினார்கள். நாற்காலியைக்கூட இழுக்க மாட்டார்கள், தூக்கித்தான் வைப்பார்கள்.

அந்த வீட்டுப் பிள்ளைக்கா பியானோ ஆசை வரவேண்டும்! பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்து ஒரே அடம். வீரணன் கரண்டில் ஓடும் பியானோ ஒன்றை வாங்கி, கூடவே ஹெட்போனும் வாங்கினான். பாட்டு வெளியே வராது, சரி. ஆனால் கட்டைகளைத் தட்டுகிற சத்தம் தரைவழியாக இறங்குமே. ஒருநாள் வீட்டுக்காரர் படியில் பார்த்து, "என்ன வீரணா, மேல அம்மி கிம்மி அரைக்கிறீங்களா?" என்று சிரித்தார். வேடிக்கைக்குத்தான் கேட்டார். இவனுக்கு வியர்த்துவிட்டது.

அன்றைக்கே மகளிடம் சொன்னான்: "பாப்பா, மெல்லத் தொட்டு வாசி. சத்தம் வேணும்னா காதுல கூட்டி வச்சுக்க."

அவள் அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை. விரல் பட்டும் படாமலும் வாசித்தாள், ஹெட்போனில் முழுச் சத்தமும் வைத்துக் கேட்டாள். காதில் இடி முழங்கியதால் கையில் பலமில்லை என்பது அவளுக்கே தெரியவில்லை. வகுப்பில் டீச்சர் "அழுத்தும்மா" என்றால் அங்கே அழுத்துவாள். வீட்டுக்கு வந்தால் பழைய கைதான். பள்ளிக்காலம் முழுக்க இப்படியே போனது.

பரீட்சையெல்லாம் தேறி, சென்னையில் இசை படித்து முடித்தாள். சின்ன அரங்குகளில் தனியாக வாசித்தவரை குறை தெரியவில்லை. சனம் கண்ணை மூடிக் கேட்டது. நான் போயிருக்கிறேன், அழுதும் இருக்கிறேன். பிறகுதான் அவள் காத்திருந்த வாய்ப்பு வந்தது. பெரிய அரங்கம், முழு இசைக்குழு, நடுவில் இவள் பியானோ. அதில் நின்றுவிட்டால் மேடை அவளுக்கு நிரந்தரம்.

ஒத்திகையில் இசைக்குழுவை நடத்துகிறவர் கையைத் தூக்கி நிறுத்தினார். "வயலின் வந்ததும் உங்க பியானோ காணாமப் போகுதேம்மா." மறுபடி வாசித்தாள். மறுபடியும் அதேதான். பலத்தைக் கூட்டினால் சுரம் தப்பியது, மணிக்கட்டு பிடித்துக்கொண்டது. வேறொருவரை உட்கார வைத்தார்கள். அதற்கப்புறம் அப்படி ஓர் அழைப்பு வரவில்லை. இப்போது பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறாள்.

"ஏத்தா, ஓங்கி அடிச்சா என்ன?" என்று கேட்டேன்.

"அடிக்கணும்னுதான் நெனைக்கிறேன் பெரியப்பா. கை எறங்கறப்பவே, யாருக்கோ எடஞ்சலா இருக்குமோன்னு உள்ளுக்குள்ள பிடிச்சு இழுத்துருது."

எம்புட்டு வித்தை அந்தக் கையில்!

போன தை மாதம் வீரணன் சொந்த வீடு கட்டிப் பால் காய்ச்சினான். சுற்றிலும் வெறும் மனைகள், அண்டை அயல் கிடையாது. கொடைக்கானலில் ஒரு பழைய பங்களாவிலிருந்து நிஜப் பியானோவே இறக்கியிருந்தான். விருந்தாளிகள் கிளம்பியதும், "பாப்பா, இனி இது நம்ம வீடு. நீ இஷ்டம்போல ஓங்கி வாசி" என்று சொல்லிவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். கொல்லையில் கடகடவென்று அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள்.

நான் அறைக் கதவோரம் நின்றேன். சென்னையில் கை நழுவிப்போன அதே பாட்டுதான். தோள் ஏறி இறங்க, நெற்றி முடி நனைந்து ஒட்ட, பிள்ளை உயிரைக் கொடுத்து வாசித்தாள். பாதிக்கு மேல் போய்விட்டது.

வாசலிலிருந்து வீரணன் ஆசையாகக் கேட்டான்: "என்ன பாப்பா, இன்னும் ஆரம்பிக்கலையா?"

அவள் கையை எடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இந்தா, ஆரம்பிக்கப் போறேம்ப்பா" என்றாள்.