தவமணியின் மண்ணிறக் கோட்

தவமணி இந்தக் குளிர்காலத்தைத் தாண்டமாட்டாள் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அந்த இருமலைக் கேட்டவுடனேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. டாக்டர்களுக்குத்தான் நேரம் எடுத்தது. பக்குரங்காவிலுள்ள எங்கள் வீட்டில் தொலைபேசி அடித்தபோதே, அது தவமணியின் சாவுச் செய்திதான் என்று மனைவியிடம் சொன்னேன். அவளை அறிந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தொண்ணூற்று மூன்றில், விரி என்ற இடத்திலுள்ள தொழிற்சாலையில் நானும் தவமணியும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். சீஸ் செய்து மிஞ்சும் மோர்த்தண்ணீரைச் சூடான தொட்டியில் விட்டு, பக்டீரியாவைக் கலந்து புளிக்கவைத்து, லாக்டிக் அமிலம் எடுக்கும் இடம் அது. என்னை நம்பித்தான் முழுத் தொழிற்சாலையும் ஓடியது. நான் குழாய் கழுவினேன். அவள் தொட்டிகளின் சூட்டைப் பார்த்தாள்.

சூட்டை இன்னும் கூட்டினால் வேலை கெதியாக முடியுமே என்று ஒருநாள் யோசனை சொன்னேன்.

"ஓம் அண்ணை, கூட்டுங்கோ. உள்ளுக்குள்ள எல்லாம் அவிஞ்சு சாகும். பிறகு நீங்களே இறங்கிக் கதைச்சுப் புளிக்க வையுங்கோ" என்றாள். எங்களோடு வேலைசெய்த, தமிழ் தெரியாத பீஜித் தீவுக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

வீட்டுக்குப் போகுமுன் தொட்டியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். "மீட்டர் இருக்குதெல்லே, பிள்ளை?" என்பேன். "படுத்திருக்கிற பிள்ளையைத் தொட்டுப் பாக்காமல் போறதே, அண்ணை?" என்பாள்.

செத்தவீட்டில் நான்தான் பேசினேன். ஒரு குளிர்நாளில் ஹீட்டர் நின்றுபோனதையும், நாங்கள் தயிர்ப் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றுவதுபோல, பக்டீரியா வளர்த்த பாத்திரத்தைத் தன் மண்ணிறக் கோட்டால் சுற்றிவிட்டு அவள் நடுங்கிக்கொண்டு நின்றதையும் சொன்னேன். மண்டபமே அழுதது.

அவள் மகள் சுபா அந்தக் கோட்டைத்தான் போட்டிருந்தாள். அம்மாவின் வாசம் அதில் இருக்கிறது என்று யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தாளாம். நான் பேசி முடித்ததும் கழற்றினாள். எதற்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை, "மாமா, அம்மாக்குக் குளிரும்" என்று சொல்லி, பெட்டிக்குள் தாயின்மேல் போர்த்திவிட்டாள். வேண்டாம் பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். எந்நேரமும் ஓயாத வாய், அப்போது திறக்கவில்லை. பெட்டியை மூடினார்கள். கோட்டும் அவளோடு எரிந்துபோனது.

இப்போது நான் படுக்கப் போகுமுன் எங்கள் வீட்டுத் தயிர்ப் பாத்திரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

சுபா, அந்த உள்ளங்கை உண்மை, பிள்ளை. ஹீட்டர் ஒருநாளும் நிற்கவில்லை. கோட் நான் கட்டிய கதை.