வல்லிபுரம் சொன்ன “பாப்பம்”

சரவணை என்ற ஊரைச் சேர்ந்த கேதீஸ்வரி, காணி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், தீவகத்தின் நீர்த் திட்டங்களுக்கு ஆலோசகராகப் பணியாற்றினார். அவருடன் கூட்டாக உழைத்தவர் ஜெகதீஸ், கொழும்பிலே வளர்ந்த பொறியியலாளர். நிலத்தையும் நீரையும் அளப்பது ஜெகதீசின் பொறுப்பு. மக்கள் கூறுவதைக் கேட்டு எழுதுவது கேதீஸ்வரியின் பொறுப்பு.

முதல் வேலை புளியங்கூடலில் ஒரு குளத்தைத் திருத்துவது. மாலைதோறும் இருவரும் தத்தம் குறிப்புகளை உரத்து வாசித்துக்காட்டுவர். பழைய வரைபடத்திலிருந்த வாய்க்காலை ஆழப்படுத்த ஜெகதீஸ் முடிவு செய்திருந்த நாளில், தம்பிஐயா என்ற கமக்காரர் கூறியதைக் கேதீஸ்வரி அவருடைய குரலிலேயே வாசித்தார்.

“உந்த வாய்க்காலாலை மாடு போகும் தங்கச்சி, தண்ணி போகாது. எஞ்சினியரை ஒருக்கா நடந்து பாக்கச் சொல்லும்.”

ஜெகதீஸ் சிரித்தார். “அக்கா, நீங்கள் நாடகத்துக்குப் போயிருக்க வேணும்.”

“சிரிச்சது காணும். விடிய நிலமட்டத்தை அளந்து பாரும்.”

அளந்தபோது சரிவு எதிர்த்திசையில் இருந்தது. வாய்க்கால் வேறிடத்தில் வெட்டப்பட்டது. அவ்வாண்டு மாரியிலேயே குளம் நிறைந்தது. உரத்து வாசித்ததனால் வந்த வெற்றியைத் தங்கள் திறமையால் வந்ததென்றே இருவரும் எண்ணினர்.

இரண்டாவது வேலை சரவணையிலேயே அமைந்தது. வல்லிபுரம் என்பவரின் காணியிலிருந்த நன்னீர்க் கிணற்றில் முப்பது வீட்டார் குடிநீர் அள்ளிவந்தனர். அதற்கு மோட்டர் பூட்டி, குழாய் வழியே வீடுகளுக்கு நீர் வழங்க ஒரு தொண்டு நிறுவனம் விரும்பியது. உரிமையாளரின் சம்மதத்தைக் கேட்கக் கேதீஸ்வரி சென்றார்.

“வாளியாலை அள்ளுற கிணறு, பிள்ளை. மெசின் போட்டு இழுத்தால் தாங்குமோ தெரியாது” என்ற வல்லிபுரம், முகத்தைத் திருப்பிக் கிணற்றைப் பார்த்தபடி, “பாப்பம்” என்றார்.

எங்கள் தீவிலே பெரியவர் ஒருவர் அவ்வாறு “பாப்பம்” என்றால், அது மறுப்பு. வந்தவர் மனம் நோகாதிருக்க “ஏலாது” என்பதைத் தவிர்ப்பார். கேதீஸ்வரிக்கு அது நன்கு தெரியும். ஆயினும் அறிக்கையில் கொச்சைச் சொல் வரலாகாது என்பது அவரது கொள்கை. “உரிமையாளர் கிணற்றின் நீர்வளம் குறித்து வினவினார், பரிசீலிப்பதாகக் கூறினார்” என்று எழுதினார். இலக்கணப் பிழை ஏதுமில்லை.

ஜெகதீஸ் அப்போது கொழும்பில் வேறொரு வேலையில் மூழ்கியிருந்தார். அறிக்கை மின்னஞ்சலில் சென்றது, உரத்து வாசிக்கப்படவில்லை. மாரி ஓய்ந்த தை மாதத்தில் அவர் ஒரேயொரு நாள் வந்து, நீரை இறைத்துச் சோதித்தார். நன்னீரே வந்தது. அவர் எழுதிய இறுதிப் பிரதியில் “பரிசீலிப்பதாகக் கூறினார்” என்பது “இணங்கினார்” என மாறியிருந்தது. கேதீஸ்வரி அதே பந்தியில் விடுபட்டிருந்த ஒரு வல்லெழுத்தைச் சேர்த்தார். பொருளைத் திருத்தாமலே கையொப்பமிட்டார்.

மோட்டர் பூட்டி, குழாய்களில் நீர் விட்டார்கள்; ஆவணியில் கிணறு உவர்த்தது. மோட்டரைக் கழற்றிய பின்னரும், அடுத்த மாரி பெய்த பின்னரும், நன்னீர் திரும்பவில்லை. இப்போது கிழமைக்கு இருமுறை பவுசர் வண்டியில் நீர் வருகிறது.

இருவரும் வல்லிபுரத்திடம் மன்னிப்புக் கேட்கச் சென்றனர்.

“நீங்கள் ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே, ஐயா” என்றார் ஜெகதீஸ்.

“சொன்னனான், தம்பி. பிள்ளைக்குத் தெரியும்.”

“ஓம், சொன்னவர். நான்தான் மாத்தி எழுதினனான்” என்றார் கேதீஸ்வரி.

“பிறகு கிடங்கு வெட்டிப் பைப் தாக்க வரேக்கை மறிச்சிருக்கலாமே?” என்று ஜெகதீஸ் வல்லிபுரத்திடம் கேட்டார்.

“முப்பது வீடும் குடத்தோடை நிக்கேக்கை எப்பிடி மறிக்கிறது? படிச்ச நீங்கள் யோசிச்சுத்தான் செய்வியள் எண்டு நினைச்சனான்.”

கிணற்றுக்கட்டில் ஈரமான வாளி ஒன்று இருந்தது. நாள்தோறும் காலையில் ஒரு வாளி அள்ளி, நாவில் வைத்துப் பார்ப்பதாக வல்லிபுரம் கூறினார்.

“வாற மாரிக்கெண்டாலும் மாறுமோ, ஐயா?” என்று கேதீஸ்வரி கேட்டார்.

அவர் கிணற்றின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“பாப்பம்.”

கேதீஸ்வரி குறிப்பேட்டைத் திறந்து, அதனை அவ்வாறே எழுதினார்.