பொங்கி ஊற்றிய பியர்க் கிடாரம்

பிரெஞ்சு பேசும் டொலார்ட் நகரில் வீடு மகளுக்கும் மருமகனுக்கும் சொந்தம். அடுப்பு என்னுடையது. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். நான் சனிக்கிழமை விரதத்துக்குச் சமைக்கும் அந்த அடுப்பில் மருமகன் ஒரு பெரிய கிடாரத்தை ஏற்றி, பார்லி ஊறிய தண்ணீரைக் காய்ச்சிப் பியர் செய்யத் தொடங்கினார். முதல் தரமே பொங்கி ஊற்றியது. பாகு மாதிரி இறுகிக் கிடந்ததை இரண்டு நாள் கத்தியால் சுரண்டினேன்.

"இன்னொருக்காப் பொங்கினா இந்தக் கிடாரம் குசினிக்குள்ள வரக்கூடாது, தம்பி."

"பொங்கினா நானே கராஜுக்குக் கொண்டு போறன் மாமி. பொங்காட்டி சனிக்கிழமை அடுப்பு எனக்கு. சரியோ?"

"சரி," என்றேன். மகள் அவர் பக்கத்தில் நின்று சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை கதிரை போட்டு உட்கார்ந்தேன். பொய் சொல்லக்கூடாது, கவனமாகத்தான் இருந்தார். கிடாரத்தில் பாதிக்கு மேல் ஊற்றவில்லை. மூடி போடவில்லை. கொதி வந்து நுரை எழும்பியதும் சூட்டைக் குறைத்து, அகப்பையால் துழாவி, போத்தலில் இருந்து குளிர்ந்த தண்ணீர் விசிறினார். நுரை படுத்தது.

"பாத்தீங்களோ? உங்கட பாலைவிட அடக்கமாக் கொதிக்குது."

"வாய் காட்டாம வேலையைச் செய்யும்."

பிறகு கசப்புக்கென்று ஹொப்ஸ் பூவை ஒரு பிடி போட்டார். அந்த நேரம் கதவு மணி அடித்தது. பார்சல்காரன். "ஒரு நிமிசம் மாமி," என்று ஓடினார். வாசலில் பிரெஞ்சில் கதை நீண்டது.

பூ விழுந்த இடத்தில் நுரை திரும்ப எழும்பி விளிம்புக்கு வந்தது. போத்தல் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. நுரை வழிந்து அடுப்பில் ஊற்றியது.

திரும்பி வந்தவர் அடுப்பைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். பிறகு என்னை.

"ஒரு சொட்டுத் தண்ணி தெளிச்சிருக்கலாமே, மாமி?"

"உம்மட கிடாரம், உம்மட நுரை. நான் ஏன் தெளிக்க?"

மகள் வந்து அடுப்பைத் துடைத்தாள். "பந்தயத்தில வெண்டிட்டீங்கள் அம்மா," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அதற்கடுத்த சனிக்கிழமை அடுப்பு முழுக்க எனக்கு. சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்து இரண்டு பேரையும் கூப்பிட்டேன். வரவில்லை. கராஜ் கதவைத் திறந்துவைத்து, காஸ் அடுப்பில் கிடாரத்தை ஏற்றி, இருவரும் சிரித்துக் கதைப்பது கேட்டது. நான் தனியே போட்டுச் சாப்பிட்டேன். உப்பும் புளியும் அளவாகத்தான் இருந்தன.