பையோடு ஒரு கை

வெள்ளவத்தையில் நடந்த புகைப்படக் கண்காட்சிக்கு, கமராப் பைத்தியமான என் மகனும் கூட்டாளிகளும் என்னையும் கூட்டிப்போனார்கள். சண்டைக்குப் பயந்து சனங்கள் மூட்டையோடு நடக்கும் படத்தின் முன்னால் மெலிந்த பெரியவர் ஒருவர் நின்றார். மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைப்பதும் திரும்பப் பார்ப்பதுமாக இருந்தார். படத்தின் ஓரத்தில் பையோடு ஒரு கை மட்டும் தெரிந்தது.

“தம்பி, இந்தப் பையின்ர பிடி நான் மகளுக்குத் தைச்சுக் குடுத்தது. அவளின்ர ஒரு சேதியும் இல்லை. நெகட்டிவில முகம் இருக்குமோ?” என்று மகனிடம் கேட்டார்.

மகன் படமெடுத்தவரைக் கூட்டிவந்தான்.

“இல்லை ஐயா, கமராவுக்குள்ள விழுந்தது இவ்வளவுதான்,” என்றார் அவர்.

“அப்ப பிள்ளை நடந்துதானே போகுது?”

“ஓம் ஐயா, நடந்துதான்.”

நாங்கள் வெளிக்கிட்டபோது பெரியவர் படத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கை தெரிந்த ஓரத்துக்கு அப்பால் இருந்த வெறுஞ்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.