நாய்க்கும் ஒரு ‘ங்க’

எங்கள் தெருக்கோடியில் பூட்டிக் கிடக்கும் பழைய கிளைச் சிறையை, வீடில்லாதவர்கள் தங்கும் விடுதியாக்கப் போகிறார்கள். இன்று காலை பேக்கரியில் பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க, இதை நாம தடுக்க வேண்டாமுங்களா? ஜெயிலா இருந்தப்பக்கூடப் பயமில்லீங்க. கைதியெல்லாம் உள்ளயே இருந்தாங்க. இதுக தெருவெல்லாம் திரியுமுங்களே!”

“படுக்க ஒரு இடம் வேணுமில்லீங்களா?” என்றேன்.

“அதுகளுக்கு பஸ் ஸ்டாண்டே போதுமுங்க.”

கைதிக்குக்கூட ‘இருந்தாங்க’. வீடில்லாத மனிதர்கள் ஆடுமாடு மாதிரி ‘அதுக’. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய நாய் என் டீயை முகர வந்தது. “வாங்க கண்ணு, ஊட்டுக்குப் போலாமுங்க” என்று கொஞ்சிக் கூட்டிப்போனார்.

கோயமுத்தூர் மரியாதை நாய்வரைக்கும் வந்துவிட்டது. மனிதர்களுக்கு எப்போது வருமுங்க?