நைனாவின் மேல் சாமி வந்த நாள்

எங்கள் நைனாவின் மேல் ஒரே ஒரு நாள் சாமி வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. நகரிப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர் ஆந்திராவிலேயே இருக்குமா, மெட்ராஸோடு போய்விடுமா என்று பெரியவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம். மதுவிலக்கும் இருந்தது. இருந்தும் நைனாவுக்குப் பல் விளக்குவதற்கு முன்பே சாராயம் கிடைத்துவிடும். எப்படி என்று ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அம்மாவும் அவள் தம்பியான என் மாமாவும் நைனாவைத் திருப்பதிக்கு இழுத்துப் போனார்கள். மலையேறி மொட்டை போட்டு, இனி ஒரு சொட்டும் தொடுவதில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். இருபது வருஷக் குடி அன்றோடு நின்றது.

மூன்றாம் நாள் காலையில் கை நடுங்கியது. பிறகு உடம்பு முழுக்க உதறல், வேர்த்துக் கொட்டியது. எங்கள் ஊரில் உடம்பு அப்படி உதறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாமா மஞ்சள் தண்ணீர் ஊற்றினார், அம்மா சூடம் ஏற்றினாள். போன வாரம் வரை நைனாவைக் கண்டால் கதவைச் சாத்திய தெரு, கைகூப்பி நின்றது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"சாமி, நம்ப ஊரு எந்தப் பக்கம் பூடும்? சொல்லு," என்று கேட்டார் மாமா.

"பூச்சி... செவுரெல்லாம் ஏறிக்கினு வருது. தட்டுங்க," என்றார் நைனா.

எல்லை அளக்க ஆட்கள் வரப்போகிறார்கள் என்று மாமா அதற்கு விளக்கம் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நைனா என் பக்கம் கையை நீட்டினார். ஆசீர்வாதம் என்று நினைத்துத் தலையைக் குனிந்து காட்டினேன்.

மறுநாள் வலிப்பு வந்தது. லாரியில் போட்டுத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மூச்சு இல்லை. டாக்டர், தெலுங்கும் தமிழுமாக, எத்தனை வருஷக் குடி, எப்போது நிறுத்தினார் என்று அம்மாவை விசாரித்தார்.

"இவ்ளோ வருஷம் குடிச்சவரை ஒரே நாள்ல நிறுத்தக் கூடாதும்மா. படுக்க வெச்சு, ஊசி மருந்து குடுத்து, நடுக்கம் அடங்கறவரைக்கும் கூடவே இருந்து பாக்கணும். நேத்தே கொண்டாந்திருந்தா பொழைச்சிருக்கலாம்."

"நேத்து சாமி வந்து இருந்துது," என்றாள் அம்மா.

"அது சாமி இல்லம்மா. நோய்."

அம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். எனக்கோ டாக்டர் மேல்தான் ஆத்திரம். அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, சாமிதான் வந்தது என்று சண்டை போட்டேன். தெருவே கும்பிட்ட என் நைனாவை அவர் மறுபடியும் குடிகாரனாக்கிவிட்டார் என்பதுதான் அன்றைக்கு என் துக்கம். முந்தின நாள் முழுக்க நைனா பயந்துபோய் எங்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் புரியவே இல்லை.